இருமாத மைக்

“தட்டாதீங்க சார், அது என்ன கதவா?”

மைக்கின் தலையில் தட்டப்போன மந்திரியின் விரல் பாதியில் நின்றது. அதட்டியது, ஏணியின் உச்சிப் படியில் நின்று கம்பத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்த பெண்மணி. முழங்கைவரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை, இடுப்பில் செருகிய ஸ்க்ரூடிரைவர், தோளில் வளையமாகச் சுற்றிய ஒயர். “சும்மா பேசுங்க சார். அதுக்குக் காது நல்லாவே கேக்கும்” என்று மேலிருந்தபடியே சொல்லிவிட்டு மறுபடி முடிச்சுப் போடப் போய்விட்டார். உதவியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மந்திரி நல்ல பிள்ளையாகத் தட்டாமல் பேசினார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. வாக்காளர் அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. கூடப் பிறந்த தங்கை “அக்கா” என்று கூப்பிட, பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே கூப்பிட, இன்று கட்சிக்காரர் முதல் கல்யாண மண்டபக் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் மைக்கக்கா. தலை முழுக்க நரைத்த கட்சித் தலைவர் ஒருவர், “அக்கா, எனக்குக் கொஞ்சம் சத்தம் கூட்டி வைங்கக்கா” என்று கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன். தலைவருக்கு அவரைவிட இருபது வயதாவது கூட இருக்கும்.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, கொடியில் துணிகளுக்கு நடுவே கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் குல்லாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்களா என்று கேட்டு அசடு வழிந்தேன். மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறைகளாம். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் வெந்நீரில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டு அலசிக் காயவைப்பது அவர் வழக்கம். இந்தத் தொழிலில் வேறு யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. “ஆளுங்கட்சி எச்சில், எதிர்க்கட்சி எச்சில்னு நான் பிரிச்சுப் பாக்கறதே இல்லைங்க. எல்லாம் ஒரே பக்கெட்டுதான். இவங்க ஒத்துமையா இருக்கற ஒரே இடம் என் பக்கெட்டுதான்” என்றார்.

பேசுகிறவர்களை அவர் ரகம் பிரித்து வைத்திருக்கிறார். “மைக்கை முழுங்கறவங்க, மைக்கைக் கண்டா ஓடறவங்க, மைக்கோட சண்டை போடறவங்க. முழுங்கறவங்கதான் சீக்கிரம் மந்திரி ஆயிடறாங்க, ஏன்னே தெரியல.” வெளிநாட்டிலிருந்து வரும் தூதர்கள், நிபுணர்கள் எந்த ரகம் என்று கேட்டேன். “அவங்க ரொம்ப மரியாதைக்காரங்க. முதல்ல எல்லாருக்கும் நன்றி சொல்லுவாங்க. கடைசியிலயும் நன்றி சொல்லுவாங்க. நடுவுல என்ன சொன்னாங்கன்னு கேட்டா, நன்றிதான் சொன்னாங்கன்னு ஞாபகம் வரும்.”

மற்ற மைக்காரர்கள் சோதித்துப் பார்க்க ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார்கள். இவருக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை. “கடைசி வரிசை அண்ணே, நான் பேசறது பக்கத்து வீட்டுக்காரி திட்டற மாதிரி தெளிவா கேக்குதா?” என்று கேட்பார். கேட்கிறது என்று பதில் வரும்வரை யாரையும் பேசவிட மாட்டார். மந்திரி ஆனாலும் சரி, மாப்பிள்ளையின் மாமா ஆனாலும் சரி, காத்திருக்க வேண்டியதுதான்.

தொழில் உண்மையில் கணவருடையது. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு பிசகியதிலிருந்து அவர் வீட்டில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறார். சாது. பூனைக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனுஷர். “எங்க வீட்டுல வால்யூம் குறைக்க முடியாத செட்டு இவ ஒருத்திதாங்க” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அடுப்படியிலிருந்து பதில் வந்தது: “குறைக்கற திருகு இருந்தா மட்டும் உங்க கையில குடுத்துடுவேனாக்கும்!” கணவர் சிரித்துக்கொண்டே ஈயத்தை உருக்கப் போய்விட்டார்.

இனிமேல் கொஞ்சம் கசப்பான விஷயம். இந்தத் தொழிலில் ஒரு ரகசிய வழக்கம் இருக்கிறது. அதற்கு ‘மைக் இருமுவது’ என்று பெயர். இந்த நாட்டில் பாலம் கட்டினாலும் ஆலை வைத்தாலும், முதலில் ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். கூப்பிடுகிறார்கள், நாற்காலி போடுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், மைக்கும் கொடுக்கிறார்கள். யாராவது எழுந்து வேண்டாத கேள்வி கேட்க ஆரம்பித்தால் மேடையில் இருக்கும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உடனே மைக் கரகரக்கும், இருமும், செத்துப்போகும். மைக்காரர் ஓடிவந்து, “ஒரு நிமிஷம் சார், ஒயர் லூசு” என்று அங்கும் இங்கும் பிடுங்கி மாட்டுவார். சரியாகும்போது பேச்சு வேறொருவர் கைக்குப் போயிருக்கும். யாரும் யாரையும் தடுக்கவில்லை. பழி முழுவதும் ஒயருக்கு.

பேனர் கட்டுவதைப் போல இதையும் வேலையில் ஒரு பகுதி என்று எல்லா மைக்காரர்களும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மைக்கக்காவின் மைக் மட்டும் இன்றுவரை இருமியதில்லை. கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தாலும் இவர் கண்ணில் அது படாது. அப்புறம் ஏன் இவரைக் கூப்பிடுகிறார்கள் என்றால், மந்திரிகளுக்குத் தங்கள் குரலின் மேல் உள்ள காதல்தான் காரணம். இவர் செட்டில் பேசினால் தகரக் குரலும் கோயில் மணி போலக் கேட்கிறது. ஆகவே மந்திரி பேசினால் மைக்கக்கா, ஜனங்கள் பேசினால் வேறு ஆள் என்று மாவட்ட அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு. கேவலமான ஏற்பாடு. ஆனால் ஒழுங்காக நடந்துவந்தது.

அந்த ஒழுங்கு கெட்டது ஒரு வெளிநாட்டு வங்கியால். ஆற்று முகத்துவாரத்தில் சரக்குத் துறைமுகமும் அதற்கு ஒரு பெரிய சாலையும் போட நம் அரசு அந்த வங்கியிடம் கடன் கேட்டிருந்தது. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களைக் காலி செய்யவைத்து வேறு இடத்தில் வீடு கொடுக்க வேண்டும். அந்த ஜனங்கள் சொல்வதைத் தன் ஆட்களே நேரில் கேட்ட பிறகுதான் கடன் என்று வங்கி நிபந்தனை போட்டுவிட்டது. வருகிறவர்களுக்கு நம் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பதைக் காதில் கேட்க ஹெட்போன்கள் வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவை மைக்கக்காவிடம் மட்டும்தான் இருந்தன, மூடிப்போன ஒரு பெரிய ஓட்டலிடமிருந்து அவர் வாங்கிப் போட்டவை. வேறு வழியில்லாமல் மாவட்ட அதிகாரி இவரைக் கூப்பிட்டனுப்பினார்.

கூப்பிட வந்தது தங்கை. மாவட்ட அலுவலகத்தில் எட்டு வருஷமாகத் தற்காலிக ஊழியர். கணவன் விட்டுப் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறார். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் அதிகாரியின் மேஜைக்கு வந்திருந்தது. நான் அன்று மைக்கக்கா வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்கு எழுதுகிற ஆள் என்று தெரிந்தும் தங்கை ஒளிக்காமல் பேசினார். அவ்வளவு அவசரம்.

“அக்கா, ஒரே ஒரு நாள். ஒரே ஒரு தடவை. அவர் கண்ணாடியைத் தொட்டா மைக் இருமட்டுமே. என்ன குடி முழுகிடும்?”

“என் மைக்குக்கு அந்த வியாதி இல்லடி.”

“நீ பேசறதுக்கு நான் இல்ல அனுபவிக்கணும்! உங்கக்கா கொஞ்சம் அனுசரிச்சுப் போனா உன் கோப்பும் சீக்கிரம் போகும்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு அக்கா.”

மைக்கக்கா ஒயரைக் கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தங்கை விடவில்லை. “உனக்கு என்ன, அந்த ரோடு வரக்கூடாதா?”

“வரணும். கட்டாயம் வரணும். ஒவ்வொரு மழைக்கும் என் வேன் சேத்துல மாட்டிக்கிட்டு நான்தான் தள்ளறேன். துறைமுகமும் வரட்டும். அதுக்கும் மைக்குக்கும் என்னடி சம்பந்தம்? ஆத்தங்கரை ஜனங்க தப்பாவே பேசட்டும், பொய்யே சொல்லட்டும். பேசி முடிக்கட்டும். பதில் இருந்தா உங்க அதிகாரி சொல்லட்டும். மந்திரி பேசும்போது நல்லா இருக்கற ஒயரு, ஜனங்க பேசும்போது மட்டும் லூசாகுமா?”

“அப்போ என் வேலை?”

மைக்கக்கா ஒயர் வளையத்தை ஆணியில் மாட்டப் போனார். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ளாமல் போனார். அன்று முழுக்க மைக்கக்கா யாரையும் அதட்டவில்லை. கணவர் இரண்டு தடவை எழுந்து வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு எதிரே, நடுவில் ஒரு மேஜை. அதில் ஒலி கலக்கும் மிக்சர், ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் மைக்கக்கா. அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி பிடித்து நான் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் மாவட்ட அதிகாரி, வங்கியிலிருந்து வந்த மூன்று பேர், ஓரமாக மொழிபெயர்க்கும் இளைஞர். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் கோப்புகளை அணைத்தபடி தங்கை. வங்கிக் குழுவின் தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசுகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வதோடு நிற்கிற ஆளாகத் தெரியவில்லை.

முதலில் பேசியவர்கள் எல்லோரும் அரசு கூட்டிவந்தவர்கள். துறைமுகம் வந்தால் நாடே சொர்க்கமாகிவிடும் என்றார்கள். கைதட்டல். கண்ணாடி அதிகாரியின் மூக்கில் பத்திரமாக இருந்தது. பிறகு ஆற்றங்கரையிலிருந்து ஒரு பெண் வந்தார். பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர். மைக்கைக் கண்டால் ஓடுகிற ரகம். ஒரு முழம் தள்ளியே நின்றார்.

“கிட்ட வாங்கம்மா, கடிக்காது” என்றார் மைக்கக்கா.

பேப்பர் கடைக்காரம்மா ஓர் அடி முன்னால் வந்து, மேடையில் இருந்த வெளிநாட்டுத் தலைவியைப் பார்த்துக் கும்பிட்டார். “அம்மா, நேத்து உங்களைக் கூட்டிட்டுப் போய், இதுதான் ஆத்தங்கரை ஜனங்களுக்குக் கட்டியிருக்கற புது வீடுன்னு காட்டினாங்களாமே. பெயின்ட் அடிச்சு, பூந்தொட்டி வெச்சு. அது எங்க வீடு இல்லம்மா. அது போலீஸ்காரங்க குடியிருப்பு.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

மண்டபத்தில் சளசளப்பு எழுந்தது. மொழிபெயர்க்கும் இளைஞர் ஒரு கணம் தயங்கி, பிறகு சொல்லிவிட்டார் என்பது தலைவியின் புருவத்திலிருந்து தெரிந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். ஊதி ஊதித் துடைத்தார். மைக் இருமவில்லை. மாட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றினார். இந்த முறை கண்ணாடியை மைக்கக்கா இருந்த பக்கமாகவே நீட்டித் துடைத்தார். மைக்கக்கா கண்ணில் படவில்லை என்று சாதிக்க முடியாத அளவுக்கு அது வந்துவிட்டது.

அவர் மேஜையில் இருந்த தன் மைக்கை எடுத்தார்.

“சார், கண்ணாடியைக் கழட்டிக் கழட்டிக் காட்டறீங்க. எனக்கு எதுக்குன்னு புரியல. என்ன செய்யணும்னு மைக்குலயே சொல்லிடுங்க சார், எல்லாருக்கும் கேக்கட்டும்.”

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. மண்டபம் கொல்லென்று சிரித்தது. மொழிபெயர்க்கும் இளைஞர் கடமை தவறாதவர். இதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்திருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று வெளிநாட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் அதிகாரியின் கையிலிருந்த கண்ணாடிப் பக்கம் திரும்பின. தலைவி ஏதோ கேட்டார். அதிகாரி முகமெல்லாம் வியர்வையோடு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, தூசி. அந்தம்மா பேசட்டும்” என்றார்.

பேப்பர் கடைக்காரம்மாவுக்குக் குளிர் விட்டுப்போனது. மைக்கைக் கையிலேயே எடுத்துக்கொண்டார். எந்த இடத்தில் உண்மையில் வீடு கட்டியிருக்கிறார்கள், அங்கே எப்படித் தண்ணீர் வரவில்லை, எப்படிப் பஸ் வரவில்லை என்று ஆரம்பித்தார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துத் தங்கையின் காதில் என்னவோ சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தங்கை மேடையை விட்டு இறங்கி வந்தார். அவ்வளவு தூரமும் நடந்து வரும்போது யாரையும் பார்க்கவில்லை. மேஜைக்கு வந்து அக்காவிடம் குனிந்தார்.

“என்னையே ஆஃப் பண்ணச் சொல்லி அனுப்பியிருக்காரு. நீ பண்ண மாட்டேல்ல? நான் பண்ணணுமாம். பண்ணலைன்னா நாளைக்கு ஆபீசுக்கே வரவேண்டாங்கறாரு.”

மைக்கக்காவின் முகம் விழுந்துவிட்டது. மந்திரியை அதட்டிய அந்த முகம்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. தன் வேலை போனால் கவலைப்படுகிற ஆள் இல்லை அவர். அவருடைய மைக் ஒப்பந்தத்தை அதிகாரி கிழித்துப் போட்டிருந்தால் இன்னொரு தடவை கண்ணாடியைப் பற்றிப் பேசியிருப்பார். அது தெரிந்துதான் அந்த ஆள் தங்கையை அனுப்பினான். அவன், இவன் என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவனுக்கு ‘ர்’ போட மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

“பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும் அக்கா” என்றார் தங்கை. கண் கலங்கியிருந்தது. “நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு.”

“நான் சொல்ல மாட்டேன்” என்றார் மைக்கக்கா. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “உக்காரு. இதோ, இந்த சிவப்பு பட்டன்தான். உன் கையை நான் பிடிக்க மாட்டேன். நீ அணைச்சாலும் உன்மேல எனக்குக் கோவம் வராது, சத்தியமா. ஆனா எதை அணைக்கிறோம்னு கேட்டுட்டு அணை.”

தன் காதில் இருந்த, மைக்கில் பேசுவது நேராகக் கேட்கும் பெரிய ஹெட்போனைக் கழற்றித் தங்கையின் தலையில் மாட்டினார். பக்கத்தில் விலகியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

பேப்பர் கடைக்காரம்மா பேசிக்கொண்டிருந்தார். “இந்த ஆத்தங்கரைக்கும் நாங்களா வரலைங்க. வேற ஒரு ரோட்டுக்காக எங்கம்மாவைக் கொண்டுவந்து இங்க விட்டாங்க. தற்காலிகமாத்தான், கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க, நிரந்தரமா ஏற்பாடு பண்றோம்னு சொன்னாங்க. எங்கம்மா பொறுத்துக்கிட்டே செத்துப்போச்சு. நான் பொறந்ததுல இருந்து பொறுத்துக்கிட்டு இருக்கேன். இப்போ என் பொண்ணையும் பொறுத்துக்கச் சொல்றீங்க. யாருக்காகப் பொறுக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க சார், போயிடறேன்.”

தங்கையின் ஆள்காட்டி விரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. எனக்கு அந்த விரலைத் தவிர அந்த மண்டபத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. அதிகாரி மேடையில் நாற்காலியின் விளிம்புக்கு வந்து, இரண்டு கைகளாலும் ‘அணை, அணை’ என்று சைகை காட்டினான். பிறகு பொறுக்க முடியாமல் தங்கையின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டான். மண்டபம் திரும்பிப் பார்த்தது. வெளிநாட்டுத் தலைவியும் பார்த்தார்.

தங்கை நிமிர்ந்து அதிகாரியை நேராகப் பார்த்தார். பொத்தானின் மேல் இருந்த விரலை எடுத்து, தன் காதை மூடியிருந்த ஹெட்போனைத் தொட்டுக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார்.